இடது மூலையில் இரண்டு எழுத்து

அந்த எண்ணம் வந்தது ஒரு மதியம், மூன்று மணி வகுப்பில். தட்டச்சுப் பயிலகத்தின் சன்னலோர மெஷினில் உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஆறு மெஷின்களின் நிழலும் வரிசையாக விழுந்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்தது. கடைசி மெஷினின் நிழல் முதலில் போனது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் என் கையின் நிழலும் போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, இது வெளையாட்டு! இத வெளையாட்டா பண்ணலாம்!"

'நிழற்குடம்' என்ற தொடர்கதையில் ஊரே கிறுக்குப் பிடித்துக் கிடந்த காலம் அது. வியாழக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். அது இறங்குவதற்குள் பாதி தீர்ந்துவிடும். ஒரு மந்திரவாதி நாட்டு மக்களின் நிழல்களை எல்லாம் பிடித்துக் குடங்களில் அடைத்துவைத்திருப்பான். நிழல் இழந்தவர்களை யாருக்கும் நினைவிருக்காது. பெற்ற தாய்கூட 'நீ யாரு' என்பாள். நிழலே இல்லாமல் பிறந்த ஓர் இளவரசி அந்தக் குடங்களைத் தேடிப் போவாள். எங்கள் ஊரில் தினமும் மூன்று மணிக்கு நிழல் திருட்டுப் போகிறது. கதை எழுதியவர் கோடைக்கானலுக்கு வந்துதான் எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா மெஷின் துடைத்துக்கொண்டிருந்தார். பிரஷைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"கேட்டுட்டியா?"

"யாரக்கா?"

"கதைக்காரர."

பயிலகத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர் அவர். முப்பது வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து, கப்பலில் வந்து, முகாமில் இருந்து, எப்படியோ எங்கள் மலைக்கு ஏறி வந்தவர். பயிலகத்தின் பின்னறையில்தான் தங்கியிருந்தார். புரிந்ததா என்று கேட்க மாட்டார், 'விளங்குச்சா' என்பார். காகிதம் என்ற சொல் அவர் வாயில் வராது, எல்லாம் 'கடதாசி'தான்.

கேட்பது அவர் குணம். கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான என்னிடம், "சன்னலச் சாத்தலாங்களா?" என்பார். டீக்கடையில் காலியாகக் கிடக்கும் பெஞ்சைக் காட்டி, "இதுல ஒக்காரலாங்களா?" என்று கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரருக்கு முதலில் கேலி என்று தோன்றியதாம், பிறகு பழகிவிட்டது. பயிலகத்து முதலாளி சார் எங்கள் முன்னாலேயே சொல்வார்: "இந்தம்மா மூச்சு விடுறதுக்கும் மனுப் போடும். நான் சாங்ஷன் பண்ணணும்." நாங்கள் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார், சிரித்துவிட்டு, "அப்ப இன்னைக்கு வெள்ளனே பூட்டலாங்களா சார்?" என்பார்.

எனக்குக் கேட்கிற பழக்கமே கிடையாது. எங்கள் வீடு மேல்மலையில் பூண்டு போடுகிற வீடு. என்னை மட்டும் டவுனில் விடுதியில் விட்டு மிஷன் பள்ளியில் படிக்கவைத்தார்கள். பிளஸ் டூ முடித்து மதுரையில் காலேஜ் சீட்டுக்கு எழுதிப்போட்டிருந்தேன். சீட்டு கிடைத்தால் எங்கள் ஊரிலிருந்து காலேஜ் வாசல் மிதிக்கும் முதல் பெண் நான். அதுவரை சும்மா இருக்க முடியாமல் தட்டச்சுக்கு வந்தேன். சும்மா இருக்க முடியாது என்பதுதான் எனக்கு வந்த எல்லாக் கேடுகளுக்கும் காரணம்.

"எதுக்குக்கா கேக்கணும்? நாம என்ன கதையத் திருடியா விக்கப் போறோம்? ஆசையிலதான செய்யிறோம்?" என்றேன்.

"அந்த மந்திரவாதியும் ஆசையிலதான நிழல எடுக்கிறான்?"

"அய்யோ, அவன் கெட்டவன்க்கா."

"எடுத்தது எடுத்ததுதான் கண்ணு. கேட்டு எழுதிப் போடு. பதில் வரட்டும். பொறவு ஸ்டென்சில் வெட்டித் தாரேன்."

எழுதிப்போட்டால் பதில் எப்போது வரும்? சீசன் அதற்குள் முடிந்துவிடும். பத்து நாள் கழித்து நான் சொன்னேன், மிகச் சாதாரணமாக, அடித்த காகிதத்தை உருவிக்கொண்டே: "பதில் வந்துருச்சுக்கா. தாராளமாப் பண்ணுங்கன்னு எழுதியிருக்காரு."

அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியா? கேட்டா குடுக்கிறாங்க!" கடிதத்தைக் காட்டு என்று அவர் சொல்லவில்லை. அனுமதி கேட்டேன் என்பவள் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த பதினைந்து நாளும் எனக்குத் திருவிழா. விளையாட்டின் குடங்களுக்கு யூகலிப்டஸ் காய் பொறுக்கினேன். அது பார்ப்பதற்கு வாய் குறுகின குட்டிக் குடமாகவே இருக்கும். பேரிக்காய்ப் பெட்டிக்கு அடியில் போடும் அட்டைதான் பலகை. மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறும் எண்பது கட்டம். நடுநடுவே மூட்டக் கட்டம். அதில் யார் போய் நின்றாலும் விளக்குச் சீட்டு வைத்திருப்பவரைத் தவிர ஒருவரும் நகர முடியாது. காய் நகர்த்தப் புளியங்கொட்டை.

விதிகளை அக்கா, நகல் உருட்டுகிற ஸ்டென்சில் தாளில் வெட்டித் தந்தார். ரிப்பனைத் தள்ளிவிட்டு, வெறும் எழுத்து அந்த நீலத்தாளைக் குத்துகிற ஓசை எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. ஒரு பிழை விழுந்தால் சிவப்புத் திரவத்தை மெல்லத் தடவி, ஊதி, மறுபடி குத்துவார். கதைக்காரரின் பெயரை உச்சியில் பெரிதாகப் போடச் சொன்னேன். பெயரைப் போட்டுவிட்டால் திருட்டில்லை என்று ஒரு கணக்கு என் மனதில்.

"ஒம் பேரு எங்க போடட்டும்?"

"எம் பேரு வேணாம்க்கா. எதுக்கு வீண் பெரும."

"நல்ல மனசு" என்றார் அக்கா. உண்மையில் அது பயம். பொய் சொன்ன இடத்தில் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மெஷின் துடைக்கும்போதுதான் அவர் ஏதாவது சொல்வார். எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் பிரஷ் ஓடிக்கொண்டே இருக்கும், கண் நம் பக்கம் திரும்பாது. அப்படித்தான் ஒரு நாள் அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

"எங்க வீட்டுல ஆறு பேரு. இந்தியாவுக்குப் போக அடிச்ச கடதாசில அஞ்சு வரி. அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல அண்ணன் இருக்கணும். அடிச்ச ஆளு ஒரு வரி தாண்டிட்டாரு. கப்பல் ஏற நிக்கிறோம், ஆறாவது ஆளு யாருங்கிறாங்க. அண்ணன்ங்கிறோம். கடதாசில இல்லையேங்கிறாங்க. யாரு அடிச்சாங்க, அவரக் கூப்பிடுங்கன்னு அப்பா காலப் பிடிச்சுக் கேட்டாரு. யாரு அடிச்சதுன்னு யாருக்கும் தெரியல. அடியில ஒரு எழுத்து இல்ல. அண்ணன் கரையிலயே நின்னுச்சு."

பிரஷ் நிற்கவில்லை.

"அதான் நான் எத அடிச்சாலும் ஒரு மூலையில எம் பேருல ரெண்டு எழுத்துப் போட்டு வைக்கிறது. தப்புன்னா வந்து கேக்க ஒரு ஆளு வேணும்ல. விளங்குச்சா?"

விளங்கியது. ஆனால் எனக்கு விளங்கியது அந்த அண்ணன் மட்டும்தான், அந்த மூலை இல்லை.

அப்பாவும் அம்மாவும் முகாமிலிருந்து வந்த சில வருடங்களில் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு தோட்டத்தில். அண்ணனை வரவழைக்க மனுப் போடுவது அக்காவின் பொறுப்பு. வருடா வருடம் போட்டார், ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் வைத்தார். அந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு பதில் வந்திருந்தது. மனு பரிசீலனையில் இருக்கிறது, மனுதாரரின் நடத்தை குறித்து உள்ளூரில் விசாரணை நடக்கும் என்று இரண்டே வரி. அந்தப் பழுப்பு உறையை அக்கா தினம் ஒரு முறையாவது எடுத்துப் பார்ப்பார்.

"விசாரிக்க வரும்போது எம்மேல ஒரு சொல்லு இருக்கக் கூடாது. ஒரு சொல்லு இருந்தாலும் அண்ணன் அங்கயே நின்னுடும்."

சீசன் வந்தது. படகுத் துறைக்கு எதிரே தைலமும் சாக்லேட்டும் விற்கும் அண்ணாச்சி கடையில் விளையாட்டுப் பெட்டிகளை வைத்தேன். மூன்றே நாளில் முக்கால்வாசி போய்விட்டது. நான் கடை வாசலிலேயே பழிகிடந்து, வாங்கிப்போகிறவர்கள் ஏரிக்கரையில் துண்டை விரித்து விளையாடுவதை ஒளிந்து நின்று பார்ப்பேன். மூட்டக் கட்டத்தில் காய் மாட்டியதும் ஒரு குழந்தை அழுதது. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாலாம் நாள் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "தாயி, பெரிய எடத்துக்குப் போயிருச்சு ஒன் சரக்கு. மெட்ராஸ் ஆளு ஒருத்தரு, குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு. அந்தப் பத்திரிகை ஆபீஸ்லயே வேலை பாக்குறாராம்! ரெண்டு பெட்டி வாங்குனாரு. யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீக?"

"நான் சொல்றதுக்கு முன்னால அவரே கண்டுபிடிச்சிட்டாரு. விதித் தாளத் திருப்பி, 'இந்தா இருக்கே'ன்னு மூலையக் காட்டுனாரு. குறிச்சுக்கிட்டும் போனாரு."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். உச்சியில் கதைக்காரர் பெயர். இடையில் என் விதிகள், இருபத்திரண்டு. அடியில், இடது மூலையில், எறும்பளவுக்குப் பயிலகத்தின் பெயர், ஸ்டென்சில் எண், ஒரு சாய்கோடு, அக்காவின் பெயரிலிருந்து இரண்டு எழுத்து.

அந்த விளையாட்டு முழுவதிலும், தேடி வர ஒரு விலாசத்தோடு அகப்படக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இப்போது நினைத்தால், அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் ஓடியது விடுதிக்கு. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் சும்மா குறித்திருப்பார், ரசித்துக் குறித்திருப்பார் என்று எனக்கே நூறு தடவை சொன்னேன். அதன் பிறகு தபால்காரர் சைக்கிள் மணி எங்கே கேட்டாலும் என் விரல் தவறான எழுத்தில் விழுந்தது. அக்கா பின்னால் வந்து நின்று, "என்ன கண்ணு, மேலுக்குச் சரியில்லையா?" என்பார். இல்லைக்கா என்பேன்.

பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபால் வந்தது. உறையில் பயிலகத்தின் விலாசம், மேலே அந்த இரண்டு எழுத்து. அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்று தபால்காரரைக் கேட்டார். அண்ணனைப் பற்றிய கடிதம் என்று நினைத்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தார். நான் சன்னலோர மெஷினில் இருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் நோட்டீஸ். பத்திரிகையில் வெளிவரும் தொடரின் பெயரையும் பாத்திரங்களையும் அனுமதியில்லாமல் எடுத்து விளையாட்டாக்கி விற்றிருக்கிறீர்கள். விற்பனையை உடனே நிறுத்தவும். அனுமதி இருப்பின் அதன் நகலையும், உருவாக்கியவரின் முழு விவரத்தையும் பதினைந்து நாளுக்குள் அனுப்பவும். தவறினால் வழக்கு.

சார் அதை வாங்கி வாசிக்க வாசிக்க அவர் காது சிவந்தது. "இருபது வருசமா நடத்துறேன், ஒரு வக்கீல் கடுதாசி இந்த வாசப்படி ஏறுனதில்ல. யாரு வேல இது?"

"நான் அடிச்சதுங்க சார்."

"அடிச்சது தெரியுது. எவன் குடுத்தான்?"

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் எவ்வளவு முயன்றார் என்பது அவர் கழுத்தில் தெரிந்தது. "அனுமதிக் கடதாசி இருக்குங்க சார். நாளைக்கு வந்துடும்" என்றார்.

சார் போனதும் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். குரலில் பதற்றமே இல்லை. "பயப்படாத கண்ணு. அதான் அவரே எழுதியிருக்காருல்ல. அந்தக் கடதாசிய எடுத்துட்டு வந்துரு. ஒரு நகல் எடுத்து அனுப்புனா வேல முடிஞ்சுது."

நான் சாவிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கடதாசி இல்லக்கா."

"தொலைஞ்சிருச்சா?"

"நான் எழுதவே இல்லக்கா."

திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னிடம் கேட்காமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சன்னலில் மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தன் மெஷினுக்குப் போனார். ஒரு வெள்ளைத்தாள், கார்பன், அதற்கடியில் இன்னொரு தாள். மூன்றையும் மேசையில் தட்டி ஒழுங்குசெய்து உருளையில் ஏற்றினார். நாலைந்து வரி அடித்தார். நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஒம் பேரப் போடலாமா?"

அதைக்கூட அவர் கேட்டார். அவர் வேலை, அவர் தங்கியிருந்த அறை, கரையில் நிற்கும் அண்ணன், எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் என்னைக் கேட்காமல் என் பெயரை அடிக்க அவர் விரல் போகவில்லை.

எனக்கு அந்த நொடியில் தெரிந்ததெல்லாம் என் சங்கதிதான். போலீஸ், கேஸ் என்று ஒரு சொல் மேல்மலைக்கு ஏறிப்போனால் அப்பா மறுநாளே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துப்போவார். காலேஜ் சீட்டு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"வேணாம்க்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மெஷினின் நெம்புகோலை ஒரு தடவை தள்ளி, மறுபடி அடிக்கத் தொடங்கினார். என்ன அடித்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

நான் மதுரைக்குப் புறப்பட்ட வாரத்தில் சார் அவரைப் போகச் சொல்லிவிட்டார். பஸ் நிலையத்தில் தகரப்பெட்டியோடு அக்கா நிற்பதைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் இடையில் பேரிக்காய்க் கூடைகள் அடுக்கியிருந்தன. நான் அந்தக் கூடைகளுக்குப் பின்னால் குனிந்து நின்றேன், அவர் பஸ் புறப்படும்வரை.

அண்ணாச்சி மீதிப் பெட்டிகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். இரண்டாவதாக ஒரு பதிவுத் தபால் அக்காவுக்கு வந்ததாம். 'விலாசதாரர் இங்கு இல்லை' என்று எழுதி சார் திருப்பிவிட்டாராம். அதில் மன்னிப்பு இருந்ததா, வழக்கு இருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. மதுரையில் மூன்று வருடமும் விடுதி வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் நான் மாடிப்படி ஏறிவிடுவேன். வந்தவர் பெரும்பாலும் தபால்காரர்தான். அதனால் பயம் குறைந்ததில்லை.

படிப்பு முடித்து ஊர் திரும்பி, போன வாரம் பயிலகத்துக்குப் போனேன். வேலைக்கு மனு அடிக்க வேண்டியிருந்தது. சார் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தார். நூலால் கட்டிய ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளினார். "இந்தா, அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போன நகலு. நீதான அதுங்கூடவே திரிவ." அவர் கண் ஒரு கணம் என்மேல் நின்றது. அவருக்கு எப்போதுமே தெரியுமோ என்று அப்போதுதான் தோன்றியது.

அந்தக் கார்பன் நகல் அடியில் இருந்தது. ஊதா எழுத்து கொஞ்சம் படர்ந்திருந்தது. விற்பனை நிறுத்தப்பட்டது என்று ஒன்று. விதிகளைத் தட்டச்சு செய்தது அவர்தான் என்று இரண்டு. மூன்றாவது இது:

'விளையாட்டை உருவாக்கியவர்:'

அதற்கு அப்புறம் ஒரு வரி முழுக்க வெறுமை. அதற்குக் கீழே:

'மேற்படி வரி, உரியவரின் சம்மதம் பெற்ற பின் நிரப்பி அனுப்பப்படும்.'

இடது மூலையில் இரண்டு எழுத்து.

ஒரு வரி விட்டுப்போனதால் அண்ணனை இழந்தவர், எனக்காக ஒரு வரியை விட்டுவைத்திருக்கிறார். விட்ட இடம் தெரியும்படி விட்டிருக்கிறார்.

நேற்று அதை மெஷினில் ஏற்றினேன். அந்த வெற்று வரி நேர்க்கோட்டில் வரும்வரை உருளையை மயிரளவு மயிரளவாகத் திருப்பி, என் முழுப்பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் அடித்தேன். பத்திரிகைக்கு ஒன்றும் கதைக்காரருக்கு ஒன்றுமாக இரண்டு கடிதமும் தயார். கதைக்காரரிடம் முதலில் மன்னிப்பு, அப்புறம் அந்த விளையாட்டை மறுபடி செய்யலாமா என்று ஒரு கேள்வி. ஆனால் இரண்டையும் இன்னும் தபாலில் போடவில்லை. போட்டால் பழைய வழக்கு விழித்துக்கொள்ளுமோ, விழித்தால் அது யார் வாசலுக்குப் போகுமோ. அவரைக் கேட்காமல் போடக் கூடாது.

தாண்டிக்குடிக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். காப்பித் தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவு, எழுதுகிற ஒரு அம்மா இருக்கிறாராம். "காசு குடுத்துப் போற ஜீப்பு. அதுல ஏறுறதுக்கும் 'ஏறலாங்களா'ன்னு கேக்கும் அந்தம்மா" என்று சிரித்தார்.

"கூட யாரும் இருக்காகளா? அண்ணன் மாதிரி?"

"தெரியலம்மா. நான் பாக்கிறப்பல்லாம் ஒத்தையிலதான் நிக்கும்."

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. எழுதலாமா என்று இன்னும் கேட்கவில்லை. நாளை வெள்ளனே முதல் ஜீப்பில் ஏறுகிறேன். பையில் அந்த நகல், இரண்டு கடிதம், ஒரு யூகலிப்டஸ் காய். கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டுவிட்டேன். கடிதம் போடலாமா, பெயர் எழுதலாமா, விளையாட்டை மறுபடி தொடலாமா. எல்லாவற்றுக்கும் முன்னால், உச்சியில், ஒரு வரி விட்டுவைத்திருக்கிறேன். அந்த வரியில் என்ன கேள்வி வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வந்துட்டாராக்கா?

அதை அடிக்கத்தான் விரல் போக மாட்டேன் என்கிறது.